வீட்டு பீர்ல எத்தனை சதவீதம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பிரிட் அளக்குற ஆல்கஹால் மீட்டர் ஒண்ணு வாங்கி, ரெண்டு வாரம் ஃபெர்மென்ட் ஆன என் பீர்ல போட்டுப் பாத்தேன். ஜீரோ கோட்டுக்கும் மேலயே நின்னு மிதக்குது. குடிச்சா போதை இருக்கு, மீட்டர்ல இல்ல. மீட்டர் டுபாக்கூரா, நான் டுபாக்கூரா?

பதில்: ரெண்டும் இல்லீங்க, வாங்கின சாமான் தான் வேற. அந்த மீட்டர் வெறும் தண்ணியும் ஆல்கஹாலும் மட்டும் கலந்த சரக்குக்காக கோடு போட்டது. ஆல்கஹால் தண்ணிய விட லேசு, அதனால ஆல்கஹால் கூடக் கூட மீட்டர் உள்ள முங்கும், அவ்வளவு தான் அதுக்குத் தெரியும். பீர்ல ஈஸ்ட் தின்னது போக மிச்சமான சர்க்கரை, மால்ட் (முளைகட்டி காய வச்ச பார்லி) சத்து எல்லாம் கெடக்கு, அது மீட்டர மேல தள்ளுது. ஒண்ணு கீழ இழுக்க ஒண்ணு மேல தள்ள, பாவம் அது என்ன பண்ணும்.

பீர்ல இருக்குற ஆல்கஹால நேரா அளக்கறது லேப் வேலை. வீட்டுல நாம அளக்கறது காணாமப் போன சர்க்கரைய. டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் குறைஞ்சுதுன்னு பாத்து வண்டி எவ்வளவு தூரம் ஓடிருக்கும்னு சொல்றோம்ல, அதே மாதிரி தான். அதுக்கு வேண்டியது சாதா ஹைட்ரோமீட்டர், சுத்தமான தண்ணில 1.000 காட்டுறது. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், அது ஓஜி (ஒரிஜினல் கிராவிட்டி, அதாவது ஆரம்ப அடர்த்தி). எல்லாம் முடிஞ்சு அடங்கினப்புறம் ஒரு ரீடிங், அது எஃப்ஜி (ஃபைனல் கிராவிட்டி). முன்னது 1.048, பின்னது 1.010ன்னு வைங்க, வித்தியாசம் 0.038, அத 131.25 ஆல பெருக்குனா 4.99, அதாவது 5 சதவீதம். முதல் ரீடிங் எடுக்காம விட்டா கணக்கு போச்சு, உங்க இந்த பேட்ச் அப்படித்தான் போச்சுன்னு நெனைக்கிறேன்.

ரீடிங் எடுக்கறதுலயும் கொஞ்சம் பொறுமை வேணும். சாம்பிள ஒயரமான ஜார்ல ஊத்தி மீட்டர விட்டதும் அதோட உடம்புல குட்டிக் குட்டியா குமிழ் ஒட்டிக்கும், லைஃப் ஜாக்கெட் போட்ட மாதிரி மீட்டர் ரெண்டு மூணு பாயின்ட் (ஒரு பாயின்ட்னா 0.001) மேல ஏறி நிக்கும், அது நிஜ ரீடிங் இல்ல. சாம்பிள ரெண்டு கிளாஸ்ல மாத்தி மாத்தி ஆத்தி கேஸ வெளியேத்துங்க, அப்புறம் மீட்டர விட்டு விரலால ஒரு சுத்து சுத்துங்க, சுத்தி நின்னதும் கண்ண தண்ணி மட்டத்துக்கு இறக்கிப் பாருங்க, கண்ணாடிய ஒட்டி ஏறுற விளிம்ப விட்டுட்டு நடுவுல தட்டையா இருக்குற மட்டத்த படிங்க. சூடான வோர்ட்ல (ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருக்குற மால்ட் தண்ணி) அளக்காதீங்க. 20 டிகிரிக்கு செஞ்ச மீட்டர் 30 டிகிரில ரெண்டு மூணு பாயின்ட் கம்மியா காட்டும், 60 டிகிரில 15 பாயின்ட் போயிடும், மீட்டரே விரிசல் விட்டாலும் விடும் (ஒண்ணு எனக்கு அப்படிப் போயிருக்கு).

1768 வாக்குல இங்கிலாந்துல ஜேம்ஸ் பேவர்ஸ்டாக்னு ஒரு ப்ரூவர் இந்தக் கருவிய பயன்படுத்தினாராம். நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்க.

கேள்வி: மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் பாகு) கிட்ல 20 லிட்டர் போட்டேன் சார். ரெசிபில ஓஜி 1.048 வரும்னு இருந்துச்சு, எனக்கு 1.030 தான் வந்துச்சு. பதறிப் போய் அரை கிலோ சர்க்கரை சேத்தேன், கணக்குப்படி 1.040 ஆயிருக்கணும். கடைசில 1.010. அப்படின்னா 3.9 சதவீதம் தானே? ஆனா ரெண்டு கிளாஸ் அடிச்ச என் ஃப்ரெண்டு சோஃபாலயே தூங்கிட்டான்.

பதில்: உங்க ஃப்ரெண்டு தான் சார் இதுல சரியான மீட்டர். எக்ஸ்ட்ராக்ட் கிட்ல எல்லாரும் விழுற குழி இது. கொஞ்சம் தண்ணில எக்ஸ்ட்ராக்ட கரைச்சு, மேல பச்சத்தண்ணி ஊத்தி 20 லிட்டர் ஆக்குறோம், கனமானது அடில தங்கிடும், லேசான தண்ணி மேல நிக்கும், நாம மேல இருந்து மொண்டு அளந்து அய்யோ குறையுதேன்னு அலறுறோம். எக்ஸ்ட்ராக்ட்ல சர்க்கரை எவ்வளவுன்னு ஏற்கனவே முடிவான விஷயம், டப்பா முழுசா காலி பண்ணி தண்ணி அளவும் சரியா இருந்தா 1.048 வந்தே தீரும். மீட்டரும் ரெசிபியும் இவ்வளவு தூரம் சண்டை போட்டா எக்ஸ்ட்ராக்ட் விஷயத்துல நான் ரெசிபி பக்கம் தான்.

இப்ப நிஜக் கணக்க பாப்போம். 20 லிட்டர்ல 1 கிலோ சர்க்கரை போட்டா 19 பாயின்ட் ஏறும், அரை கிலோவுக்கு ஒம்பதரை. 48 கூட அத சேத்தா 57 ஐ தாண்டுது, அதுல 10 போனா 47 சொச்சம், ஆறேகால் சதவீதம் பக்கம் வருது. 3.9 எங்க, ஆறேகால் எங்க! அடுத்த தடவை தண்ணி ஊத்தினதும் சுத்தம் பண்ணின கரண்டியால அஞ்சு நிமிஷம் நல்லா கலக்குங்க, ஈஸ்டுக்கு வேண்டிய ஆக்சிஜனும் அதுலயே சேந்துடும். அப்புறம் அளங்க. குறையுதேன்னு கை சர்க்கரை டப்பா பக்கம் போச்சுன்னா இன்னொரு தடவை கலக்கிட்டு அளங்க.

கேள்வி: எனக்கு ஸ்ட்ராங்கா வேண்டாம், 4 சதவீதத்துக்குள்ள வேணும். தண்ணி ஊத்துனா போதும்னு சொல்றாங்க, அப்படி செஞ்சா பீர் கழுவின தண்ணி மாதிரி இருக்கு.

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா எல்லாரும் ஏத்தறது எப்படின்னு தான் கேப்பாங்க. ஏத்தறது ஒரு பெரிய வித்தையே இல்ல, சர்க்கரைய கொட்டுனா ஏறும். எறக்கி, அதே சமயம் வாய்க்கு ருசியா வைக்கறதுல தான் கை பேசும்.

தண்ணி ஊத்தலாம், ஆனா எப்ப ஊத்தறீங்கங்கறது முக்கியம். ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடின்னா கணக்கு சுலபம், 20 லிட்டர் வோர்ட் 1.060ல இருக்கு, 1.048 வேணும்னா 20ஐ 60ஆல பெருக்கி 48ஆல வகுங்க, 25 லிட்டர், ஆக 5 லிட்டர் சேக்கணும். ஃபெர்மென்ட் ஆன பீர்ல ஊத்தணும்னா கொதிக்க வச்சு ஆறின தண்ணி தான், இல்லன்னா அதுல இருக்குற ஆக்சிஜன் பீர பழைய அட்டை வாசனைக்கு கொண்டு போயிடும். ஹாப்ஸ் பூவோட கசப்பும் அதே அளவுக்கு குறையும், நீங்க சொல்ற கழுவின தண்ணி அங்க தான் வருது.

தானியத்துலேர்ந்தே காய்ச்சுறவரா இருந்தா நான் சொல்றது மாஷ் டெம்பரேச்சர், அதாவது மால்ட வெந்நீர்ல ஊற வைக்கற சூடு. மால்ட்ல ரெண்டு என்சைம் வேலை பாக்குது. 62லேர்ந்து 65 டிகிரில பீட்டா அமைலேஸ் ஜாஸ்தியா ஓடும், அது மாவுச்சத்த ஈஸ்ட் லபக்குனு முழுங்குற சின்ன சர்க்கரையா வெட்டும். 68, 69க்கு போனா பீட்டா சீக்கிரம் செத்துடும், ஆல்ஃபா அமைலேஸ் மட்டும் நின்னு பெரிய பெரிய துண்டா வெட்டும், அதுல பாதிக்கு மேல சாதா ஈஸ்டால தொட முடியாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கணிசமா மிஞ்சும். அந்த மிச்சம் தான் வாயில கனமா நிக்கும். அதனால மால்ட குறைச்சு ஓஜிய 1.038ல வைங்க, மாஷ 69ல புடிங்க, எஃப்ஜி 1.012 கிட்ட நின்னா 3.4 சதவீதம், குடிக்கறவங்களுக்கு கம்மின்னே தெரியாது. தெர்மாமீட்டர் மட்டும் சரியா இருக்கணும், மூணு டிகிரி தப்பா காட்டுனா நீங்க போட்ட திட்டமே வேற பீர் ஆயிடும். ஈஸ்டையும் பாத்து வாங்குங்க, சைசன்ங்கற பெல்ஜியம் பீருக்கான ஈஸ்ட்ல டயஸ்டாடிகஸ்னு ஒரு வகை இருக்கு, அது இந்த பெரிய துண்டையும் விடாம தின்னுடும்.

கேள்வி: ரிஃப்ராக்டோமீட்டர்ல ஆரம்பத்துல 12 ப்ரிக்ஸ் (சர்க்கரை சதவீத அளவு). பத்து நாள் கழிச்சு 6ல அப்படியே நிக்குது, பாதிலயே நின்னுடுச்சுன்னு இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போட்டேன், அப்பவும் 6. என்ன பண்றது?

பதில்: ஒண்ணும் பண்ண வேண்டாம், உங்க பீர் எப்பவோ முடிஞ்சிருக்கு. ரிஃப்ராக்டோமீட்டர் வெளிச்சம் எவ்வளவு வளையுதுன்னு பாக்குற சாமான், ஆல்கஹாலும் வெளிச்சத்த வளைக்கும், அது அத சர்க்கரைன்னு நெனச்சுக்குது. 12ல ஆரம்பிச்சு 6 காட்டுனா நிஜ கிராவிட்டி 1.012 பக்கம் தான். ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி ரெண்டே சொட்டுல வேலை முடியும்ங்கறதால அங்க அது தங்கம், அப்புறம் திருத்தக் கணக்கு போடணும், இல்ல ஹைட்ரோமீட்டருக்கு வந்துடுங்க.

கேள்வி: ஏர்லாக்ல (கேஸ் மட்டும் வெளிய போற மூடிக் குழாய்) குமிழ் நின்னுடுச்சு, பாட்டில் பண்ணலாமா? பாட்டில்ல கேஸுக்காக போடுற சர்க்கரையால ஸ்ட்ராங் ஏறுமா?

பதில்: ஏறும், லிட்டருக்கு 7 கிராம்னா அரை சதவீதத்துக்குள்ள. அது பெரிசில்ல. குமிழ நம்பாதீங்க, மூடி சரியா உக்காரலன்னாலும் குமிழ் வராது. மூணு நாள் இடைவெளில ரெண்டு ரீடிங், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இன்னும் 4 பாயின்ட் எறங்க வேண்டி இருந்து பாட்டில் பண்ணிட்டீங்கன்னா லிட்டருக்கு 8 கிராம் பக்கம் சர்க்கரை நீங்க போட்டதுக்கு மேல உள்ள ஒக்காந்திருக்கு, டபுள் கேஸ். நான் ஒரு தடவை அவசரப்பட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரில டப்புனு ஒண்ணு, பத்து நிமிஷத்துல இன்னொண்ணு, கதவ தொறக்கவே பயந்து போர்வைய மேல போட்டு வச்சேன். காலைல பாத்தா கண்ணாடித் துண்டு எதிர் சுவத்துல குத்தி நின்னுச்சு.

கேள்வி: ஃப்ரீசர்ல வச்சு ஐஸ எடுத்துப் போட்டா மிச்சம் ஸ்ட்ராங் ஆகும்ங்கறது நிஜமா?

பதில்: நிஜம், ஆனா பல நாடுகள்ல அத சாராயம் வடிக்கறதோட ஒண்ணா தான் வைக்கறாங்க, ஆல்கஹாலோட சேந்து தலைவலி தர மத்த சாமானும் கெட்டியாகும், எவ்வளவு ஏறுச்சுன்னு உங்க ஹைட்ரோமீட்டரும் சொல்லாது. 8 சதவீதம் வேணும்னா மால்ட கூட்டி ஓஜிய 1.080க்கு கொண்டு போங்க, ஈஸ்ட் ரெண்டு பாக்கெட் போடுங்க.