இரகசியம் வேறு, தெரியாமை வேறு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். களியக்காவிளைப் பக்கம் ஒரு சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு 13, 14 வயது. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்துக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணம் சொன்னேன். "அப்போ கெத்செமனேல இயேசு யாருட்ட ஜெபம் பண்ணினாரு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். "அது தேவ இரகசியம், கேள்வி கேட்காம விசுவாசிக்கணும்" என்று முடித்துவிட்டேன். மறுமாதம் அவன் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அந்த வீட்டில் போய் "தேவ சித்தம்" என்றேன். பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. தாழ்மையாக ஏற்றுக்கொள்ள எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பையன் கேட்டது திருச்சபையே கேட்ட கேள்வி. ஒரே கடவுள் பிதாவாக, பிறகு குமாரனாக, பிறகு ஆவியாக வேடம் மாற்றிக்கொள்கிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் சபேலியு என்பவரின் பெயரில் ஓர் உபதேசம் பரவியது. தண்ணீர் உதாரணம் அதுவேதான். ஒரே தண்ணீர் ஒரே சமயத்தில் கட்டியாகவும் ஆவியாகவும் இருக்காது. மத்தேயு 3:16-17-இல் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி இறங்குகிறது, பிதாவின் சத்தம் கேட்கிறது. மூன்றும் ஒரே வேளையில். ஓடு, வெள்ளை, மஞ்சள் என்ற முட்டை உதாரணமும் வேண்டாம். ஓடு மட்டும் முட்டையாகாது, ஆனால் குமாரன் முழுக் கடவுள் என்றல்லவா அறிக்கையிடுகிறோம். ஒன்றை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றே என்பது வெறும் வாய்க்கணக்கு.

பதிலாக இதைச் செய்து பாருங்கள். பலகையில் மூன்று வரிகள்: கடவுள் ஒருவரே. பிதா, குமாரன், ஆவி ஒவ்வொருவரும் கடவுள். பிதா குமாரனல்ல, குமாரன் ஆவியல்ல, ஆவி பிதாவல்ல. இப்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு வரியை அழிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதை அழித்தால், பிடிபடுவதற்கு முன் கெத்செமனேயில் இயேசு பிதாவிடம் பண்ணிய ஜெபம் தனக்குத்தானே பேசியதாகிவிடும். இரண்டாவதை அழித்தால், குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியு சொன்னது வரும். 325-இல் நிசேயாவில் திருச்சபைச் சங்கம் கூடியது அதை மறுக்கத்தான். முதல் வரி போனால் மூன்று தெய்வங்கள். எதையும் அழிக்க முடியவில்லை, மூன்றையும் சேர்த்து விளக்கவும் முடியவில்லை என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து நிற்பார்கள். இரகசியம் என்ற சொல்லை அங்கே சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் அது வாயை மூடுகிற கையாகிவிடும். அரை மணி நேரம் போதும்.

451-இல் கல்கெதோன் சங்கத்தில் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என்ற இரு தன்மைகளைப் பற்றிப் பேசியபோதும் சபை இப்படித்தான் நடந்துகொண்டது. கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி என்று நான்கு வேலிக்கால் நட்டது. உள்ளே இருப்பதை அளந்து காட்டவில்லை.

சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லை நம் பழைய தமிழ் வேதாகமம் 'இரகசியம்' என்கிறது, கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'மறைபொருள்' என்கிறது. பாறசாலை தாண்டினால் மலையாள சத்தியவேதத்தில் அதே இடத்தில் 'மர்மம்' இருக்கும். தமிழில் மர்மம் என்றால் துப்பறியும் கதைதான் ஞாபகம் வரும். ஆனால் நம் ஊர் ஆசான்களின் வர்மமும் அந்தச் சொல்தான். உயிர் தங்கும் இடம். ஆசான் அதைத் தொடாதே என்று சொல்வதில்லை, எவ்வளவு அழுத்தலாம் என்று கற்றுக்கொடுக்கிறார். எனக்கு மலையாளச் சொல்லே கூடுதலாகப் பிடிக்கிறது.

இனிதான் முக்கியமான இடம். கொலோசெயர் 1:26-இல் இரகசியம் என்பது முன்பு மறைந்திருந்து இப்போது வெளியாக்கப்பட்டது. அதாவது நமக்குச் சொல்லப்பட்டது, சொன்ன பிறகும் நம் கைக்குள் அடங்காதது. அந்தத் தம்பி ஏன் செத்தான் என்பது அந்த வகையில் சேராது. அது நமக்குச் சொல்லப்படவே இல்லை. அதற்குரிய வார்த்தை "தெரியாது". உபாகமம் 29:29 இந்த இரண்டையும் பிரித்தே வைக்கிறது: மறைவானவை கர்த்தருக்கு, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும். "தேவ சித்தம்" என்று நீங்கள் சொன்னபோது கர்த்தருக்குரிய பக்கத்தில் கைவைத்துவிட்டீர்கள். பையன் காதில் அது 'கடவுள்தான் தம்பியைக் கொன்றார்' என்று விழுந்திருக்கும்.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொன்ன இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார்; ஏன் அவர்கள் மேல் விழுந்தது என்று சொல்லவில்லை. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தரின் கோபம் அவர்கள் மேல்தான், கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல. ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் கொண்டுவரச் சொல்லி, அவர்களுக்காக யோபுவை ஜெபிக்க வைத்தார். முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை. ஆனாலும் அவன் கர்த்தரிடம்தான் வழக்காடினான், அவரை விட்டுப் போகவில்லை. நம்பிக்கை என்று நான் புரிந்துகொள்வது அதைத்தான். தாழ்மை பிள்ளைகளைவிடப் போதிக்கிறவர்களுக்கு அதிகம் வேண்டும்.

அந்த வீட்டுக்கு மறுபடி போங்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐ இப்போது எடுக்க வேண்டாம். அது பொய்யல்ல, ஆனால் துக்க வீட்டில் வெளியாள் சொன்னால் வாயடைப்பாகிவிடும். வாசிக்கச் சொன்னால் 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அதுவும் கனமாக இருந்தால் 88. ஆறுதல் இல்லாமலே முடிகிற சங்கீதம். பையனிடம் "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாது மக்களே" என்று சொல்லுங்கள். கெத்செமனேக் கேள்வி நல்ல கேள்வி என்பதையும் சொல்லுங்கள். அவன் திரும்பி வந்தால் அந்த வாரமே பலகைப் பாடத்தை எடுக்காமல் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.