பழுப்பேறிய மை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியர் வின்சென்ட் வான்கோவின் கடிதங்களை மூலத்தாள்களின் படங்களாக இணையத்தில் பார்த்தேன். எனக்கு டச்சும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனாலும் அந்தப் பழுப்பு நிற எழுத்துகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. படிக்கவே முடியாத கடிதத்தில் அழகு காண்பது வெறும் பழமை மோகம்தானா?

ர.

அன்புள்ள ர.,

மோகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் உங்களைக் கவர்ந்த அந்தப் பழுப்பு நிறம் பெரும்பாலும் வான்கோ கண்ட நிறம் அன்று. அக்கால ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கிய மை, மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் பிசினும் கலந்து செய்யப்பட்டது. எழுதும்போது வெளிறியிருக்கும் அந்த மை, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழிந்தபின் பழுப்பாக மாறும். அதிலுள்ள அமிலமும் இரும்பும் தாளை அரிப்பதால், மை கனமாக விழுந்த இடங்களில் எழுத்து உதிர்ந்து ஓட்டையாகிப்போன பழங்கடிதங்களும் உண்டு. ஆகவே, அந்த நிறத்தில் நாம் ரசிப்பது ஒரு சிதைவை.

நான் பெரிதாக மதிப்பது நிறத்தை அன்று, மையின் ஏற்ற இறக்கத்தை. தொட்டெழுதும் பேனாவில் முதற்சொற்கள் அடர்ந்து விழும், போகப்போக மெலியும், மீண்டும் அடரும். எந்தச் சொல்லுக்குப் பின் கை மைக்கூட்டுக்குப் போய்த் திரும்பியது, எங்கே முள் அழுந்தியது, எங்கே விரைந்தது என்பதெல்லாம் தாளிலேயே பதிந்திருக்கிறது. வான்கோவின் தம்பி தியோவின் மனைவி யோஹன்னா 1914-இல் பதிப்பித்த அச்சுத் தொகுப்பு அவர் சொற்களை உலகுக்குத் தந்தது. இந்த அசைவை எந்த அச்சாலும் தர இயலாது. மொழி தெரியாதது இங்கே உங்களுக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது, ஏனெனில் படிக்கத் தெரிந்த கண் பொருளைத் தேடி ஓடிவிடும்.

1888 அக்டோபரில் வான்கோ தென்பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து தியோவுக்கு எழுதிய கடிதத்தில் தம் படுக்கையறையை வரைந்து காட்டியிருக்கிறார். கட்டிலையும் நாற்காலியையும் வரைந்த கோட்டில், வரிகளை எழுதிய கையின் அதே வேகத்தைக் காண்கிறேன். 2009-இல் வெளியான கடிதங்களின் முழுப்பதிப்பின் இணையதளத்தில் படத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. முதலில் தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு படியுங்கள். சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டில் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை பளீர்ச் சிவப்பு என்று, ஒற்றை மையால் காட்ட முடியாத நிறங்களையெல்லாம் அந்த மையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.