கான்ஜாயிண்ட் கேள்வி-பதில்: சாஃப்ட்வேர் அப்புறம், முதலில் அட்டை

கான்ஜாயிண்ட் என்றால், ஒரு பொருளின் நிறம், விலை போன்ற அம்சங்களை (ஆட்ரிபியூட்) வெவ்வேறு விதமாகச் சேர்த்து அட்டைகளில் காட்டி, ஆட்கள் எதை விரும்புகிறார்கள் என்பதிலிருந்து எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்கிடும் ஆய்வு முறை.

கே: எனக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர் மட்டும்தான் தெரியும். போதுமா? (திருமங்கலம்)

அட்டைகளை வரிசைப்படுத்தச் சொல்லியோ மார்க் போடச் சொல்லியோ எடுத்த தரவு என்றால் போதும். டிசைன் போட, அதாவது எந்தெந்த அட்டைகளைக் காட்டுவது என்று முடிவு செய்ய, மெனு உண்டு. அனாலிசிஸுக்கு சின்டாக்ஸ்தான் (கட்டளையை எழுத்தில்) அடிக்க வேண்டும், மெனுவில் தேடி நேரத்தை விடாதீர்கள். 'இந்த மூன்றில் எதை வாங்குவீர்கள்' என்று கேட்கும் சாய்ஸ் முறைக்கு அந்தக் கட்டளை ஆகாது.

கே: சாய்ஸ் முறைக்கு இலவசமாக எது? (பசுமலை)

ஆர் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர். அதில் டிசைனுக்கு சிபிசிடூல்ஸ், மாடலுக்கு லாஜிட்ஆர் அல்லது அப்போலோ. பைத்தான் பழக்கம் என்றால் பயோஜீம். கம்பெனி காசு கொடுக்கிறது என்றால் சாடூத்.

கே: சுங்குடிச் சேலை வாங்கும் 120 பேரிடம் நிறம், பார்டர், விலை ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 5க்கு மார்க் வாங்கிவிட்டேன். எந்த சாஃப்ட்வேரில் போடலாம்? அவசரம். (மதுரை)

எதிலும் போட முடியாது, ஏனென்றால் இது கான்ஜாயிண்ட்டே இல்லை. மாதம் இரண்டு பேராவது இப்படி எல்லாம் முடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது, 120 பேரைத் தேடிப் பிடிப்பது லேசான வேலையா? தனித்தனியாகக் கேட்டால் யாருக்கும் எல்லாமே முக்கியம்தான், எல்லாவற்றுக்கும் 4, 5 என்றுதான் விழும். ஒரு கடையில் போய் நின்று பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட சேலை 1,500, அச்சடித்தது 700 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டால் அந்த அம்மா புள்ளியைத் தடவிப் பார்ப்பார், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார், அப்புறம் ஒன்றை எடுப்பார். அந்த எடுப்புதான் நமக்குத் தரவு. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்க வைக்காமல் பார்ட்-வொர்த் (ஒவ்வொரு நிறத்துக்கும் விலைக்கும் ஆட்கள் வைக்கும் மதிப்பு) எங்கிருந்து வரும்? கெடு தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மறுபடி எடுங்கள். நாலைந்து ஆட்ரிபியூட் போதும். அட்டையை முதலில் 10 பேரிடம் காட்டிப் பாருங்கள்.

கே: 60 பேர் போதுமா? (மேலூர்)

எத்தனை கேள்வி, எத்தனை லெவல் (ஒரு ஆட்ரிபியூட்டுக்குள் வைக்கும் மாற்றுகள், விலை என்றால் 700, 1,500 போல) என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஆட்கள், கேள்விகள், ஒரு கேள்வியில் உள்ள ஆப்ஷன்கள் மூன்றையும் பெருக்கி, எந்த ஆட்ரிபியூட்டுக்கு லெவல் அதிகமோ அந்த எண்ணால் வகுங்கள், 500ஐத் தொட வேண்டும். 'எதுவும் வேண்டாம்' என்பதை ஆப்ஷன் கணக்கில் சேர்க்காதீர்கள். 8 கேள்வி, 3 ஆப்ஷன், 4 லெவல் என்றால் உங்கள் 60 பேருக்கு 360தான் வருகிறது. 85 பேராவது பிடியுங்கள்.

கே: ஜிகர்தண்டாவுக்கு விலை லெவல் 20, 80, 200 என்று வைத்தேன். விலையே 70 சதவீதம் முக்கியம் என்று வருகிறது. சாஃப்ட்வேர் தப்பா? (உசிலம்பட்டி)

சாஃப்ட்வேர் சரி, லெவல்தான் தப்பு. லெவலை அகலமாக்கினால் முக்கியத்துவம் தானாக ஏறும். கடையில் நிஜமாகவே விற்கிற விலைகளை வையுங்கள். அட்டையை 10 பேரிடம் காட்டியிருந்தால் '200 ரூபாய்க்கு யார் குடிப்பார்கள்' என்று முதல் ஆளே கேட்டிருப்பார்.