அவர் போனுக்கு வரும் அழைப்புகள்: பாலக்கோடு அக்காவுக்கு

அக்கா, வீட்டுக்காரர் போய் ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள "சார் பேர்ல பாலிசி போனஸ் இருக்கு, வரி கட்டினா விடுவிப்போம்"னு தினமும் போன் வருதுன்னு எழுதியிருந்தீங்க. மனசு கனத்துப் போச்சு. காவேரிப்பட்டணத்துல எங்க வீட்லயும் இதேதான். மாலை போட்ட படத்துக்குக் கீழ அவர் போன் அதிரும், எனக்கு நெஞ்சு பதறும்.

ஒரு பைசா கட்டாதீங்க. வரவேண்டிய பணத்துக்கு முன்கூட்டியே போன்ல வரி கேட்கிறவன் ஏமாத்துறவன்தான். "பாலிசி நம்பர் சொல்லுங்க, தர்மபுரி கிளைக்கே நேர்ல வர்றேன்"னு சொல்லிப் பாருங்க. எனக்கு வந்தவன் அப்பவே வச்சுட்டான்.

உங்க நம்பர், அவர் நம்பர் ரெண்டுலயிருந்தும் 1909-க்கு, ஆங்கிலத்துல ஸ்டார்ட்னு எழுதி, இடம் விட்டு 0 போட்டு மெசேஜ் அனுப்புங்க. விளம்பர அழைப்பு குறையும். மோசடிக்காரன் அதுக்கு அடங்கமாட்டான், அவனை பிளாக்தான் பண்ணணும். அவர் சிம்மை அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க. பேங்க் கணக்கை முடிக்கிற வரைக்கும், யாராவது பணம் எடுத்தா அதுலதான் மெசேஜ் வரும்.

அவர் வாங்கின கடனைக் கட்டச் சொல்லி யாராவது மிரட்டினா, எழுத்துல தரச் சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போடாத கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு.

அந்த மோசடிக்காரனுக்கு ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பிட்டீங்களா? அப்படின்னா இப்பவே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்க அக்கா, நாளைக்குன்னு வைக்காதீங்க.