மகளின் நெற்றியில் ஒரு பட்டை

அண்ணா, வணக்கம்.

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். கணவருக்குக் கைத்தறி வேலை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் போகும் டியூஷனில் பிள்ளைகளின் நெற்றியில் ஒரு பட்டை கட்டப்போகிறார்களாம். மூளையின் அலையை வைத்து, பாடத்தில் கவனம் இருக்கிறதா என்று மார்க் போட்டு எங்கள் செல்போனுக்கு அனுப்புமாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "அம்மா, நான் என்ன நினைக்கிறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நல்லதுக்குத்தானே என்கிறார் கணவர். கையெழுத்துப் போடலாமா? (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் மகளின் கேள்வி.

அவள் என்ன நினைக்கிறாள் என்பது அந்தப் பட்டைக்குத் தெரியாது. மூளையின் மின் அலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான் மிஞ்சும். கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் அதைவிடப் பெரிய அலை எழும். ஆஸ்பத்திரியில் ஈ.ஈ.ஜி. (மூளை அலைப் பதிவு) எடுக்கும்போது தலை முழுக்க இருபது ஒயர் ஒட்டி, அசையாமல் படுக்கவைத்து எடுக்கிறார்கள். 2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஒருவர் கேட்ட கதையின் சாரத்தை மூளை ஸ்கேனிலிருந்து வாக்கியமாக எடுத்தார்கள். அதற்கு அவர் பெரிய ஸ்கேன் மெஷினுக்குள் மொத்தம் சுமார் 16 மணி நேரம் படுத்திருக்க வேண்டியிருந்தது. அவரே வேண்டுமென்று மனத்தை வேறு பக்கம் திருப்பினால் அது பலிக்கவில்லை. ஆகவே அவளைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை அந்த மார்க்கைப் பற்றித்தான். பிள்ளை முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள், மாதவிலக்கின் முதல் நாளாக இருக்கும், காலையில் சாப்பிடாமல் ஓடியிருப்பாள். பட்டை 40 என்று அனுப்பும். உங்கள் கணவர் தறியில் உட்கார்ந்தபடி அதைப் பார்ப்பார். அன்று இரவு வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'நான் கவனிச்சேன்பா' என்று அவள் சொன்னால் யாரை நம்புவார்? ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் பார்த்து எதையாவது நினைத்துக்கொள்வது பதினாறு வயதுப் பெண்ணுக்கு மிச்சமிருக்கிற தனிமை. அதற்கும் கணக்குக் கேட்கலாமா? சீனாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் இப்படிப் பட்டை கட்டியது 2019-இல் வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்ப, நிறுத்திவைத்தார்கள்.

இன்னொன்று, அந்தப் பதிவு எங்கே போகிறது என்பது.

என் சித்திக்கு அணைக்கட்டுப் பக்கம் ஊர். பதினேழு வயதில் வலிப்பு வந்தது. வேலூருக்கு அழைத்துப்போய் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னதும், முடியில் ஒட்டிய பசை போகப் பாட்டி இரண்டு தடவை சீயக்காய் போட்டு அலசியதும் இன்றும் வீட்டில் பேச்சு. பாட்டி அந்த ரிப்போர்ட்டை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காக்காய் வலிப்பு என்று தெரிந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் வராது. அன்றைக்கு இந்துத் திருமணச் சட்டமே வலிப்பு நோயைத் தடையாக வைத்திருந்தது. 1999-இல்தான் அதை எடுத்தார்கள். சித்திக்கு மருந்திலேயே குணமாகி, கல்யாணம் ஆகி, இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

அது நோய்க்காக, ஒரே ஒரு தடவை எடுத்த பதிவு. உங்கள் மகளுக்கு எடுக்கப்போவது தினமும். கவனத்துக்கு என்று சேர்த்துவைத்த அலையில் நாளைக்கு வேறொரு மென்பொருள் வேறு எதையாவது தேடலாம். அந்தப் பெட்டியின் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா?

சிலி நாட்டில் 2021-இல் மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காப்பாற்ற அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். கீடோ ஹிரார்தி என்ற முன்னாள் செனட்டர் இப்படி ஒரு பட்டை வாங்கிக் கட்டினார். பதிவு கம்பெனியின் சர்வரில் தங்கியது. காசு கட்டாமல் தன் பதிவைத் தானே எடுக்க அவரால் முடியவில்லை. வழக்குப் போட்டார். அதை அழிக்கும்படி 2023 ஆகஸ்டில் அங்கே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் நாட்டிலும் தீர்ப்பு இருக்கிறது. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் உண்மை கண்டறியும் ஊசியோ மூளை அலைச் சோதனையோ நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆக, கொலை வழக்கில் பிடிபட்டவர்கூட போலீசிடம் 'என் மூளையைத் தொடாதே' என்று சொல்லலாம். டியூஷனில் உட்காரும் உங்கள் மகளின் மூளை அலைக்கு அவ்வளவு தெளிவான வரி எனக்குத் தெரிந்து எந்தச் சட்டத்திலும் இல்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2023-இன் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மூளைத் தகவல் என்று தனியாக ஒரு சொல் அதில் கிடையாது. பெரும்பாலும் உங்கள் கையெழுத்தில் வந்து நிற்கிறது.

மூளையோடும் நரம்போடும் சேர்ந்து வேலை செய்யும் கருவிகளையே எதிர்க்கிறவன் இல்லை நான். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி சி.எம்.சி. மருத்துவமனையில் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் நம் வேலூர். காது கேளாத குழந்தை, உள்காதில் காக்ளியர் கருவி வைத்து முதல் தடவை அம்மா குரலுக்குத் திரும்பியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே கருவி குழந்தைக்காக வேலை செய்கிறது.

டியூஷனில் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் அழித்துவிட்டு எழுதித் தருவார்களா. பட்டை கட்டாத பிள்ளையைப் பின் பெஞ்சில் தள்ள மாட்டோம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கணவரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து உங்களுடையதுதான், ஆனால் நெற்றி அவளுடையது, அவளிடமும் கேளுங்கள். டியூஷனுக்குக் கொடுக்கக் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.