வாசகர் கேள்வி-பதில்: ஹக்கீம் ஒலாஜுவானின் ஆட்டக்காலம்

கூடைப்பந்தில் 1990-களின் நடுப்பகுதியைக் குறித்து முந்தைய இதழில் எழுதியதைத் தொடர்ந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான ஹியூஸ்டன் ராக்கெட்ஸின் ஹக்கீம் ஒலாஜுவானைப் பற்றி வாசகர்கள் பல கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 1984-ஆம் ஆண்டு வீரர்த் தேர்வில் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு ஒலாஜுவானை எடுத்தது ராக்கெட்ஸ் அணி செய்த பெரும் பிழை என்கிறார்களே, அது சரியா?

பதில்: சரியில்லை. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் அந்தத் தேர்வில், அந்த ஆண்டு நாணயம் சுண்டிப் பார்த்தபோது முதல் வாய்ப்பு ஹியூஸ்டனுக்கும் இரண்டாவது போர்ட்லாண்டுக்கும் போயின. போர்ட்லாண்டு சாம் போவியை எடுத்ததால், ஜோர்டன் மூன்றாவதாகச் சிகாகோவுக்குக் கிடைத்தார். ஆகவே குறை சொல்வதானால் அது இரண்டாவது தேர்வைத்தான் சாரும். ஒலாஜுவான் அதே நகரத்தின் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவர். அவர் ஆடிய மூன்று பருவங்களிலும் அந்த அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. 1983 இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றபோதும், தொடரின் சிறந்த வீரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டாம் பருவத்திலேயே, 1986-இல், நடப்புச் சாம்பியனான லேக்கர்ஸை வீழ்த்தி ராக்கெட்ஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுசென்றார். அங்கே பாஸ்டனிடம் 4-2 என்று தோற்றார்கள்.

கேள்வி: ‘ட்ரீம் ஷேக்’ என்று அவருடைய ஆட்டமுறையைச் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன தனிச்சிறப்பு? கல்லூரி அணியில் சென்டராக, அதாவது வளையத்தருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரராக ஆடும் எனக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒலாஜுவானின் மேன்மை முழுவதும் அவருடைய கால்களில் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். லாகோஸ் நகரில் 1963-இல் பிறந்து வளர்ந்த அவர், கூடைப்பந்தைத் தொடுவதற்கு முன் கால்பந்தில் கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்தார். கோல்கீப்பருக்குப் பந்து வரும் திசையைக் கணித்து ஓர் அடி முன்னதாகவே நகரத் தெரிய வேண்டும். ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ஒருவரிடம் அந்தச் சுறுசுறுப்பு இருந்தது அமெரிக்கப் பயிற்றுநர்களுக்கே புதுமையாகத்தான் இருந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த விதியிலிருந்தே தொடங்குவோம். பந்தைத் தட்டுவதை நிறுத்தியபின் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். பெரும்பாலான சென்டர்கள் இந்த உரிமையை ஒருமுறை திரும்பி எறிவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஒலாஜுவானோ வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் ஒரு தோளை அசைத்துக் காவல் நிற்பவரின் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்ப்பார். காவல் நிற்பவர் சாய்ந்துவிட்டால் எதிர்ப்பக்கமாகத் திரும்பி எறிவார். சாயாமல் நின்றால், திரும்பியபின் எறிவதுபோலப் பந்தை நெற்றிக்கு மேல் உயர்த்துவார். அதைத் தடுக்கக் காவல் நிற்பவர் எம்பியதும், ஊன்றிய கால் அசையாமல் மற்றக் காலை அவருக்கு அடியில் எட்டி வைத்து உள்ளே நுழைந்துவிடுவார். இதுதான் ‘ட்ரீம் ஷேக்’. முன்கூட்டியே முடிவு செய்த அசைவு என்று ஒன்றும் இதில் கிடையாது. ஒவ்வொரு அடியும் எதிராளி காட்டிய விடைக்கு ஏற்ப எழுந்தது. எனவே காணொளியில் கண்ட வடிவத்தை அப்படியே மனப்பாடம் செய்வதில் பயனில்லை. காவல் நிற்பவரின் கால்களைப் படிக்கப் பழகுங்கள்.

இதன் உச்சத்தை 1995 மேற்கு மண்டல இறுதிச்சுற்றில் பார்க்கலாம். அந்தப் பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரருக்கான கோப்பையை, இரண்டாம் ஆட்டம் தொடங்குமுன் சான் அன்டோனியோவின் டேவிட் ராபின்சனுக்கு அரங்கிலேயே வழங்கினார்கள். அன்று ஒலாஜுவான் 41 புள்ளிகள் எடுத்தார். ராபின்சன் அக்காலத்தின் மிகச் சிறந்த தடுப்பாளர்களுள் ஒருவர். அவரைச் சுழலவைத்து, காற்றில் எம்பவைத்து, அவருக்குக் கீழாக நுழைந்து பந்தைப் போட்ட அந்த ஒரு காட்சியை இன்றும் பயிற்சிக்கூடங்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தத் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.3 புள்ளிகள் எடுத்தார்.

கேள்வி: ஜோர்டன் விலகியிருந்ததால்தான் ராக்கெட்ஸ் 1994, 1995 பட்டங்களை வென்றது என்ற வாதம் நியாயமா?

பதில்: 1994-க்கு அந்த வாதத்தில் ஓரளவு இடமுண்டு, ஜோர்டன் அந்தப் பருவம் ஆடவில்லை. ஆனால் 1995 மார்ச்சில் அவர் திரும்பிவந்துவிட்டார். அவருடைய சிகாகோ அணியை வென்று மேலே வந்தது ஆர்லாண்டோ. அந்த ஆர்லாண்டோவை இறுதிச்சுற்றில் ராக்கெட்ஸ் 4-0 என்று வென்றது. அந்த ஆண்டு மேற்கு மண்டலத்தில் ஆறாம் இடத்தில் இருந்து புறப்பட்டு, தன்னைவிட அதிக வெற்றிகள் பெற்ற நான்கு அணிகளை அடுத்தடுத்துச் சாய்த்த அணியின் பட்டத்தை, யாரோ இல்லாததால் கிடைத்த பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1994 பட்டமும் எளிதாகக் கிடைத்ததன்று. இறுதிச்சுற்றில் நியூயார்க்குக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தின் கடைசி நொடியில் ராக்கெட்ஸ் 86-84 என முன்னிலையில் இருந்தபோது, ஜான் ஸ்டார்க்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே போயிருந்தால் கோப்பை நியூயார்க்குக்குச் சென்றிருக்கும். வளையத்தருகே நிற்க வேண்டிய சென்டரான ஒலாஜுவான் வெளிவட்டம்வரை ஓடிவந்து, விரல்நுனியால் அந்தப் பந்தைத் தொட்டுவிட்டார். ஏழாம் ஆட்டத்தையும் வென்று பட்டம் பெற்றார்கள். அந்த ஒரே பருவத்தில் மிக மதிப்புமிக்க வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் அவர் பெற்றார். வேறு எவரும் இம்மூன்றையும் ஒரே பருவத்தில் பெற்றதில்லை.

உண்மையில் வருந்த வேண்டியது 1987-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றித்தான். 1987-இல் சியாட்டிலுக்கு எதிராக 49 புள்ளிகளும் 25 ரீபவுண்டுகளும் (தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்) எடுத்தும் அணி தோற்று வெளியேறியது. அடுத்த நான்கு ஆண்டுகளும் முதல் சுற்றோடு முடிந்தன. 1992-இல் நிர்வாகத்தோடு பிணக்கு முற்றி, தம்மை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்கும் நிலைக்கே அவர் வந்துவிட்டார். அவ்வாண்டு ரூடி டொம்ஜானோவிச் பயிற்றுநரான பிறகே அவரை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் தொலைவிலிருந்து குறிதவறாமல் எறிபவர்களை வைக்கும் முறை அமைந்தது.

கேள்வி: ரமலான் நோன்பு இருந்துகொண்டே அவர் ஆடினார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. பகலில் ஆட்டம் அமைந்த நாள்களிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடியிருக்கிறார். 1995 பிப்ரவரியில் நோன்பு மாதம் வந்தது. அந்த மாதத்தின் சிறந்த வீரராக அவரையே அறிவித்தார்கள்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

பதில்: கடைசிப் பருவத்தை டொராண்டோவில் ஆடிவிட்டு 2002-இல் ஓய்வுபெற்றார். எதிராளிகள் எறிந்த பந்தை 3,830 முறை தட்டித் தடுத்த அவருடைய சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. பின்னர் கோபி பிரையன்ட், டுவைட் ஹோவர்ட், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் ஆட்டமில்லாத கோடைமாதங்களில் அவரைத் தேடிவந்து கால்வைப்பைக் கற்றுக்கொண்டார்கள். அப்போதே பெரும் புகழோடு இருந்த லெப்ரான், 2011 இறுதிச்சுற்றில் தோற்ற கோடையில்தான் ஹியூஸ்டனுக்குப் போய் அவரிடம் பயின்றார். அடுத்த ஆண்டு தம் முதல் பட்டத்தை வென்றார்.