முதல் வாத்தியம்: கடைக்குப் போவதற்கு முன்

விஜயதசமி நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, குழந்தைக்கு முதலில் எந்த வாத்தியம் வாங்குவது என்பதைப் பற்றித்தான். 30 ஆண்டுகளாக வயலின் சொல்லிக்கொடுப்பவன் நான். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 5 வயது. “பெரிய வயலினாகவே வாங்கிவிடுங்கள், வளர வளர உதவும்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (திருச்சி)

வேண்டாம். பள்ளிச் சீருடையைத் தொளதொளவென்று தைப்பதுபோல வயலினை வாங்க முடியாது. விரல் எட்டாத வயலினில் குழந்தை மணிக்கட்டை முறுக்கித்தான் ஸ்வரத்தைப் பிடிக்கும். அந்தக் கோணல் பிறகு எளிதில் போகாது. 1/16, 1/8, 1/4, 1/2, 3/4 என்று அளவுகள் உண்டு. 5 வயதுக்குப் பெரும்பாலும் 1/8 அல்லது 1/4 பொருந்தும். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடிந்த நிலையிலேயே உள்ளங்கை வயலினின் சுருள் தலையைப் பிடிக்க வேண்டும். நம் முறையில் தரையில் அமர்ந்து, அந்தச் சுருளை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். ஆகவே உட்கார வைத்தும் பார்த்துவிடுங்கள். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த அளவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதால், முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் விட்டுப்போன சின்ன வயலின்கள் என் அலமாரியில் மட்டும் நான்கு கிடக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் ஆறு மாதம் வீட்டில் யாருக்கும் காது குளிராது.

கீபோர்டில் தொடங்கினால் பிறகு எதற்கு வேண்டுமானாலும் மாறலாம் என்கிறார்களே? (மதுரை)

பாதி உண்மை. மேற்கத்திய இசையோ திரையிசையோ நோக்கமென்றால் நல்ல தொடக்கம்தான். 61 கட்டைகள் போதும்; அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கர்நாடக இசையென்றால் கதை வேறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பாடங்கள் வரை குறை தெரியாது. ராகம் என்று வந்ததும் தெரிந்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவுக்கென்று கீபோர்டில் ஒரு கட்டையும் இல்லை. சுருதியை வளைக்கும் சக்கரத்தை வைத்துச் சமாளிக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. 8 வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு சங்கடம்: கட்டையை அழுத்தினால் ஸ்வரம் தானே சுத்தமாக வந்துவிடுவதால், காது சோம்பிப்போகிறது. ஓராண்டு வாய்ப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு வாத்தியத்தைப் பற்றி யோசியுங்கள். சுருதிப் பெட்டிகூட இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது.

பாட்டியின் வீணை பரணில் இருக்கிறது. 7 வயதுப் பேத்திக்குக் கொடுக்கலாமா? (கும்பகோணம்)

வீணை சுமார் 4 அடி நீளம். மடியில் கிடத்தினால் குடத்துக்கும் யாளி முகத்துக்கும் நடுவே குழந்தை காணாமல் போய்விடுவாள். 9, 10 வயது வரை பொறுக்கலாம். அதற்குள் வீணையைப் பரணிலிருந்து இறக்குங்கள். தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகப் பட்டைகளான 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. ஓட்டுக்கடியில் பல கோடைகளைப் பார்த்த மெழுகு இளகி, மெட்டுகள் நகர்ந்திருக்கும். தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம்தானே? வீணை செய்பவரிடம் கொடுத்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக மெழுகில் மறுபடி பதித்து, வாங்கி வையுங்கள். பேத்தி அவ்வப்போது மீட்டிப் பார்க்கட்டும், திட்டாதீர்கள்.

மகன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். மிருதங்கம் வருமா? (சேலம்)

மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையால் வாசித்தவர்தான். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு, வலந்தலை என்கிற சிறிய முகத்தை இடக்கையாலும் தொப்பி என்கிற பெரிய முகத்தை வலக்கையாலும் வாசிக்க வேண்டியதுதான். பையனை வலக்கைக்கு மாற்றியே தீருவேன் என்கிற ஆசிரியர் வேண்டாம்.

6 வயதில் புல்லாங்குழல்? (கோவை)

முன்பல் விழுந்து முளைக்கட்டும். அதன்பிறகும் விரல்கள் துளைகளை முழுதாக மூடுகிற குட்டைக் குழலாகப் பாருங்கள். சுருதி உயரமாக இருக்கும், பரவாயில்லை.

9 வயது மகன் கோயில் திருவிழாவில் தவில்காரரை விட்டு நகர மறுக்கிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் தவில் தொட்டதில்லை. கிதார் வகுப்பில் சேர்த்துவிடலாமா? (திருநெல்வேலி)

எதற்கு? மற்றவர்களெல்லாம் குழந்தைக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் கடிதம் எழுதுகிறார்கள். உங்கள் பையன் கேட்காமலே சொல்லிவிட்டான். குடும்பத்தில் யாரும் தொட்டதில்லை என்பதற்குப் பின்னால் வேறு தயக்கம் இருந்தால் அதை அவன் தலையில் ஏற்றாதீர்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரத்தோடு தவிலும் கற்பிக்கிறார்கள். 12 வயதில் சேரலாம். தவில் கனமானது. ஒரு கையில் கழி, மறு கையின் விரல்களில் கூடு. அதற்கெல்லாம் உடம்பு கொஞ்சம் தேற வேண்டும். அதுவரை தாளம் போடவும் சொற்கட்டுகளை, அதாவது தாள வாத்தியத்தின் ஒலிகளை, வாயால் சொல்லவும் பழகட்டும். அடுத்த திருவிழாவில் வாசித்து முடித்ததும் அந்தத் தவில்காரரிடம் அவனை அழைத்துப்போங்கள். கூட்டை விரலில் மாட்டிப் பார்க்க அவர் நிச்சயம் விடுவார்.